வெற்றுப் பக்கத்தில் முதல் கையெழுத்து

என்னிடம் இருக்கும் அரசமைப்புச் சட்டப் புத்தகத்துக்குள் பதினேழு தீக்குச்சிகள் இருக்கின்றன. மருந்து முக்காத வெறும் குச்சிகள். கல்லூரியில் படிக்கும்போது பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கிய தமிழ்ப் பதிப்பு அது. அட்டை இரண்டு தடவை கிழிந்து இரண்டு தடவையும் நானே ஒட்டினேன். முதல் பக்கத்தில் என் பெயரும் அதற்குப் பின்னால் எம்.ஏ. என்ற இரண்டெழுத்தும் நீல மையில் இருக்கும். இத்தனைக்கும் வாங்கியபோது நான் எம்.ஏ. முடித்திருக்கவில்லை. முடித்துவிடுவோம் என்ற தைரியத்தில் எழுதினேன். ஆனால் குச்சிகளை வைத்தவள் நான் இல்லை, என் ஓரகத்தி. என் கணவரின் தம்பி பெண்டாட்டி. நான்கு மாதம் புத்தகத்தை வாங்கி வைத்திருந்துவிட்டு, திருப்பித் தரும்போது குச்சிகளை எடுக்க மறந்துபோனாள். நானும் எடுக்கவில்லை. பாசத்தில் விட்டு வைத்திருக்கிறேன் என்று என் கணவர் நினைக்கிறார். அந்த மனிதருக்கு எப்போதுமே அவ்வளவுதான் புரியும். ஒவ்வொரு குச்சியையும் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். எரியட்டும் என்றுதான் விட்டு வைத்திருக்கிறேன்.

நான் கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு மார்க்கெட் பக்கம் பலசரக்குக் கடை. நான் அரசியல் அறிவியலில் முதுகலை. கல்யாணமாகி, பசுவந்தனை போகிற ரோட்டில் இருக்கும் இந்தக் கரிசல்காட்டு ஊருக்கு வந்தேன். வந்த பிறகும் வேலையை விடவில்லை. தினமும் காலை பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போய்ப் போட்டித் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு அரசமைப்புப் பாடம் எடுக்கிறேன். இறையாண்மை, அடிப்படை உரிமை, அதிகாரப் பிரிவினை, சட்டத்தின் ஆட்சி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவேன், ஒரு தடங்கல் வராது. ஓரகத்தி எனக்கு ஐந்து வருஷம் கழித்து இந்த வீட்டுக்கு வந்தாள். பத்தாம் வகுப்பு. தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற தொழிற்சாலையில், மருந்து முக்குவதற்குக் கட்டையில் குச்சி அடுக்கும் வேலை பார்த்தவள். அவள் விரல்கள் சும்மா இருக்கவே இருக்காது, பேசும்போதும் எதையாவது வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்கும். எங்களுக்கு ஒரே வளவில் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு குட்டிச்சுவர். அவள் என்னை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். எனக்கும் அவளைப் பிடித்துத்தான் இருந்தது, எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று அறிவிப்பு வருகிற வரைக்கும்.

அறிவிப்பு வந்த வாரமே நான் கோவில்பட்டியில் ஒரு கைத்தறிச் சேலை எடுத்துவிட்டேன். வேட்புமனு கொடுக்கப் போகும்போது கட்டுவதற்கு. ஊரில் வேறு யார் இருக்கிறார்கள் சொல்லுங்கள்? ஊராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்த எழுபத்து மூன்றாவது திருத்தத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பதினோராவது அட்டவணையில் இருக்கும் இருபத்தொன்பது இனங்களையும் ஒப்பிப்பேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். கொழுந்தன்தான் பேச்சை எடுத்தார். “மைனி நின்னா நல்லாத்தான் இருக்கும். ஆனா அவிய எடுத்ததுக்கெல்லாம் ரூல்ஸ் பேசுவாவ. பெறகு ஒரு வேலையும் ஓடாது. இவளா இருந்தா, போடுன்னு சொன்ன இடத்துல கையெழுத்தப் போட்டுட்டு அடுப்பப் பாக்கப் போயிருவா” என்றார். நான் அடுப்படியில் இருக்கிறேன் என்று தெரிந்தே சொன்னார். என் கணவர் டிவியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. ஓரகத்தி உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள், அவளிடம் யாரும் கேட்கவும் இல்லை. கைத்தறிச் சேலை பீரோவுக்குள் போனது.

அவள் ஜெயித்தாள். ஆரத்தி எடுத்தது யார் என்கிறீர்கள், நான்தான். மாலையோடு அவள் குனிந்து என் காலைத் தொட்டபோது எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்கள். நல்லது, நினைக்கட்டும். ஒரு வாரத்தில் ஊராட்சி அலுவலகத்தில் புதுப் பலகை மாட்டினார்கள். அதில் அவள் பெயர் இருந்தது, பெயருக்குக் கீழே கொழுந்தனின் செல் நம்பர் இருந்தது. தலைவர் நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்தார். எனக்கு அதில் கேவலமான ஒரு ஆறுதல் கிடைத்தது. பெயருக்குத்தானே தலைவர் என்று எனக்குள்ளேயே சொல்லிச் சொல்லி ஆறு மாதத்தை ஓட்டினேன்.

பிறகு ஒருநாள் மத்தியானம் குட்டிச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து தலையை நீட்டினாள். “யக்கா, எனக்கு என்னென்ன அதிகாரம் இருக்குன்னு கொஞ்சம் சொல்லுதீங்களா?” என்றாள். நான் சொன்னேன். அவளுக்குப் புரியக் கூடாது என்றே சொன்னேன். கூட்டாட்சி முறை, ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், வழிகாட்டு நெறிமுறைகள், நீதிப் புனராய்வு என்று இருக்கிற கனத்த சொல்லையெல்லாம் எடுத்து அவள் தலையில் இறக்கினேன். வகுப்பில் ஒன்றரை மணி நேரம் எடுக்கிற பாடத்தைக் கால் மணியில் முடித்தேன். அவள் விரல்கள் சுவர் மேல் கிடந்த சுள்ளிகளை நீளவாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தன. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் கேட்டாள்: “அப்போ சட்டம் போடுதவுக வேற, அதை நடத்துதவுக வேற, தப்புன்னா கேக்குதவுக வேற. அப்படித்தானக்கா? ஒரே ஆளு மூணையும் செய்யக் கூடாதுன்னுதான் இம்புட்டுப் பெரிய புத்தகமும் எழுதியிருக்காக?”

எனக்குப் பொசுக்கென்று போய்விட்டது. ஆமாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. “அவ்வளவு லேசு இல்லடி” என்றேன். அவள் விடவில்லை. “நம்ம ஊர்லயும் அப்படித்தான இருக்கணும்? கிராம சபைதான் தீர்மானம் போடணும், நானும் கிளார்க்கும் அதை நடத்தணும். ஆனா இங்கன நாங்களே எழுதி நாங்களே நடத்திக்கிடுதோமே. சபையில உள்ளவுக வெறும் பக்கத்துல கையெழுத்து மட்டுந்தான போடுதாக. அது சட்டமாக்கா?” என்றாள்.

அந்த வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கிராம சபைக்கு இத்தனை பேராவது வந்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. எங்கள் ஊரில் பகலில் யார் வருவார்கள்? பாதிப் பேர் காட்டுக்கும் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்விடுவார்கள். அதனால் கூட்டத்துக்கு முந்தின நாளே ஊராட்சிக் கிளார்க்கு தீர்மான நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார். எழுதாத பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார். பெண்கள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். மறுநாள் கொடியேற்றி, காராச்சேவும் டீயும் கொடுத்துக் கூட்டத்தை முடிப்பார்கள். தீர்மானத்தைப் பிறகு, எதிர்ப்பக்கத்தில் ஆற அமர எழுதிக்கொள்வார்கள். யாருக்கும் அதில் தப்பு தெரிந்ததில்லை. நமக்கு அலையாமல் வேலை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அது முழுத் தப்பு என்று அந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான். ஆனால் ஓரகத்தியிடம், “அதெல்லாம் நடைமுறை. எல்லா ஊர்லயும் அப்படித்தான். நீ போய் வேலையைப் பாரு” என்றேன். அவள், “அந்தப் புத்தகத்தைத் தாங்கக்கா, நானே பாக்குதேன்” என்றாள். கொடுத்தேன். தலை சுற்றி இரண்டு நாளில் திருப்பித் தந்துவிடுவாள் என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

நான்கு மாதம் படித்தாள். சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழையும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்கும். வரிக்குக் கீழே விரலை வைத்து, சத்தமாக, எழுத்துக் கூட்டுகிற மாதிரி படிப்பாள். புரியாத இடத்தில் நின்று திரும்பப் படிப்பாள். மூன்றாவது தடவையும் புரியாவிட்டால் ஒரு குச்சியைச் சொருகுவாள். குச்சி சொருகின பக்கங்களைக் காட்டி என்னிடம் அர்த்தம் கேட்பாள். நான் பாதி சொல்வேன், பாதியை விழுங்குவேன். அந்தப் பாதியையே வைத்துக்கொண்டு மீதியைத் தானே கண்டுபிடித்து வந்து, “இப்படித்தானக்கா?” என்பாள். என்னத்தைச் சொல்ல! நான் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின புத்தகத்தை இவள் வீட்டுப் பத்திரம் படிக்கிற மாதிரி படித்துக்கொண்டிருந்தாள். என் பொறாமை பதவியில் ஆரம்பித்தது. அந்த நாலு மாதத்தில் அது படிப்புக்கு வந்து சேர்ந்தது. படிப்புதான் என்னிடம் மிச்சம் இருந்த ஒரே சொத்து.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கு மேற்கே ஒரு கம்பெனி சோலார் போட நிலம் வாங்கியது. லாரி போக வழி வேண்டும். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டு வருகிற ஓடையை ஓரிடத்தில் தூர்த்துவிட்டால் ரோட்டில் இருந்து நேர் வழி கிடைத்துவிடும். கிராவல் அடிக்கிற வேலை கொழுந்தனுக்கு என்று பேச்சு. ஓடையை மூடுவதில் ஊருக்கு ஆட்சேபனை இல்லை என்று கிராம சபைத் தீர்மானம் ஒன்று மட்டும் வேண்டும். எங்களுக்கெல்லாம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நல்ல மழை பெய்து அந்த ஓடையில் தண்ணீர் வந்தால்தான் கண்மாய், கண்மாயில் கிடந்தால்தான் கிணற்றில் ஊற்று. இதைத் தெரிந்துகொள்ள எந்தச் சட்டமும் படிக்க வேண்டாம். ஆனால் வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் ஊருக்குத் தெரியவே வேண்டாம்.

ஜனவரி இருபத்தாறு கூட்டத்துக்கு நான்கு நாள் முன்பே ஓரகத்தி வீடு வீடாகப் போனாள். “யாரும் முந்துன நாளு நோட்டுல போடாதீங்க. கூட்டத்துக்கு வாங்க, அங்கன எழுதி வாசிச்சுக் காட்டுதோம், சம்மதம்னா போடுங்க, இல்லைன்னா போடாதீங்க” என்று சொல்லிக்கொண்டே போனாள். கொழுந்தனுக்கும் அவளுக்கும் வீட்டில் பெரிய சண்டை. தட்டு உருள்கிற சத்தம் சுவர் தாண்டிக் கேட்டது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. கடைசியில் என் வாசலுக்கும் வந்தாள். கன்னம் வீங்கியிருந்த மாதிரி இருந்தது, நான் கேட்கவில்லை. “உங்ககிட்டச் சொல்லவே வேண்டாம்க்கா, உங்களுக்குத் தெரியாததா” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

இருபத்தைந்தாம் தேதி எனக்கு வகுப்பு இல்லை. முற்றத்தில் மிளகாய் வத்தல் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரி வந்து நின்றாள். “உங்க ஓரகத்தி பேசுத பேச்சக் கேட்டியளா? என்னா வெவரம்! அவளத்தான் எம்.ஏ.ன்னு சொல்லணும் போல” என்று சொல்லிவிட்டுப் போனாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னாள். எனக்குக் காதுக்குள் வத்தலை அரைத்து விட்ட மாதிரி இருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துக் கிளார்க்கு நோட்டோடு வந்தார். “ஒருத்தரும் போட மாட்டேங்காவக்கா. தலைவரம்மா சொல்லிட்டாகளாம். நீங்க முதல்ல போட்டுக் குடுத்தியன்னா மத்தவுக போட்டுருவாக” என்றார்.

நான் போட்டேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை, யாரும் மிரட்டவில்லை. பக்கம் வெறுமையாக இருப்பது தெரியும், எதிர்ப்பக்கத்தில் என்ன எழுதப் போகிறார்கள் என்பதும் தெரியும். மக்கள்தான் எல்லா அதிகாரத்துக்கும் மூலம் என்று முந்தின நாள்தான் அறுபது பிள்ளைகளுக்கு நடத்திவிட்டு வந்திருந்தேன். அந்தக் கையால் பேனாவை வாங்கி, பக்கத்தின் உச்சியில், முதல் ஆளாக, என் பெயரைப் பெரிதாக எழுதி எம்.ஏ. என்றும் போட்டேன். அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. படிச்ச அம்மாவே போட்டுட்டாக என்று ஒவ்வொரு வாசலிலும் காட்டிக் காட்டிக் கிளார்க்கு நாற்பத்துச் சொச்சம் கையெழுத்து வாங்கிவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கூட்டம். அவள் சொன்னதற்காகவே அன்றைக்குப் பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கொழுந்தன் கிளார்க்குப் பக்கத்தில் கை கட்டி நின்றார். யூனியன் ஆபீசில் இருந்து கூட்டத்தை மேற்பார்க்க வந்த பற்றாளர் சீக்கிரம் முடியுங்கள் என்று கடிகாரத்தைப் பார்த்தார். ஓரகத்தி நோட்டை விரித்தாள். மேலே இருந்து கீழே வரைக்கும் பார்த்தாள். பிறகு மறுபடி மேலே வந்து முதல் வரியில் நின்றுவிட்டாள். கூட்டத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடவில்லை. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் கை மட்டும் மேசை மேல் இருந்த பேனாவையும் ஸ்கேலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிசெய்துகொண்டிருந்தது. அப்புறம் ஸ்கேலை எடுத்துப் பக்கத்துக்குக் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டாள். “தீர்மானம் எழுதும் முன் பெற்ற கையெழுத்துகள். செல்லாது. தலைவர்” என்று அதன் மேல் எழுதினாள். கொழுந்தன், “ஏட்டி, என்ன செய்யுத!” என்று பாய்ந்தார். “கூட்டத்துல தலைவர்னுதான் கூப்பிடணும்” என்றாள், தலையைத் தூக்காமல். பற்றாளர் கடிகாரத்தை மறந்துவிட்டார்.

அடுத்த பக்கத்தில் அவளே எழுதினாள். எங்களுக்கெல்லாம் தெரிகிற மாதிரி மெதுவாக எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்துதான் என்னைப் பார்த்தாள். “அக்கா, இங்கன வாங்க. நீங்க படிச்சவுக. எல்லாருக்கும் கேக்குத மாதிரி வாசிங்க” என்றாள்.

திட்டியிருக்கலாம். ஊர் முன்னால் என் கையெழுத்தைக் காட்டி, இந்தா பாருங்க எம்.ஏ. என்று மானத்தை வாங்கியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். நான் எழுந்து போனேன். ஓடையை எந்த இடத்திலும் மூடுவதற்கு இந்தச் சபை சம்மதிக்கவில்லை, கம்பெனி ஊருக்கு வடக்கே உள்ள வண்டிப்பாதையைக் கேட்டால் அதைத் தனியாக இந்தச் சபையிலேயே வைத்துப் பேசலாம் என்று எழுதியிருந்தாள். அவ்வளவுதான். ஒரு கனத்த சொல் கிடையாது. நான் வாசித்தேன். பின்னால் இருந்த கிழவர் ஒருவர் இன்னொரு தடவை என்றார், இன்னொரு தடவை வாசித்தேன். கைகள் உயர்ந்தன. வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள், கைநாட்டு வைத்தார்கள். நான் கடைசியில் நின்றேன். என் முறை வரும்போது பக்கத்தின் அடியில் ஒரு விரல்கடை இடம்தான் மிச்சம் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு பேரும் ஒன்றாகத்தான் நடந்தோம். என்ன கேட்பாளோ என்று மனசுக்குள் பதில் தயார் பண்ணிக்கொண்டே வந்தேன். வாசல் வந்ததும், “நல்லா வாசிச்சீங்கக்கா. ஒரு எழுத்து பிசகல” என்றாள். உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு அவள் மேல் வந்த கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பெருந்தன்மைகூட என்னைவிட அவளுக்கு அதிகமாக இருக்க வேண்டுமா!

கம்பெனி வடக்குப் பாதையில் போனது. கொழுந்தன் மூன்று மாதம் வீட்டில் சாப்பிடவில்லை, பிறகு சாப்பிட்டார். ஓடை இருக்கிறது, மழை பெய்தால் தண்ணீர் வருகிறது. ஓரகத்தியின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் இன்னும் நடக்காததால் இப்போது ஊராட்சியைத் தனி அலுவலர் பார்க்கிறார். கூட்டம் போட்டால் ஓரகத்தி பெண்களோடு தரையில் உட்கார்ந்து, “தீர்மானத்தை வாசிங்க சார்” என்கிறாள். நான் அதே பஸ்ஸில் போய் அதே பாடத்தை எடுக்கிறேன். அதிகாரப் பிரிவினை வரும்போது பிள்ளைகள் உதாரணம் கேட்பார்கள். இந்தக் கதையைத்தான் சொல்வேன். சொல்லும்போது, “எங்கள் ஊர்த் தலைவிக்கு அரசமைப்பைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்” என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். முதல் கையெழுத்து யாருடையது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஊரில் யாரோ ஒரு படித்த பெண் என்று தாண்டிப் போய்விடுவேன்.

நேற்றுச் சாயங்காலம் குட்டிச்சுவருக்கு மேல் மறுபடி அவள் தலை தெரிந்தது. தலையில் நரை விழுந்திருக்கிறது. “யக்கா, தேர்தல் வரும்னு பேசிக்கிடுதாக. இந்தத் தடவை நீங்க நில்லுங்க. நான் முன்மொழியுதேன். அவிய ஏதும் சொன்னா நான் பாத்துக்கிடுதேன்” என்றாள். கொழுந்தனைத்தான் அவிய என்றாள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. நான் ஆசைப்பட்டதை இவள் கையால் வாங்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும்! “பாப்போம்” என்றேன். “சரி, அந்தப் புத்தகத்தை ரெண்டு நாளைக்குத் தாங்க. ஒரு சந்தேகம் இருக்கு” என்றாள். நாளைக்கு வந்து வாங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.

இன்றைக்குக் காலையில் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தேன். பதினேழு குச்சிகளும் இருந்த இடத்தில் இருந்தன. கடைசியில், அட்டவணைகள் எல்லாம் முடிந்த பிறகு, அச்சடிக்காத தாள் இரண்டு இருக்கிறது. அதில் அவளுக்கு எழுதினேன். அன்றைக்கு எதிர்வீட்டுக்காரி சொன்னது, நான் நோட்டை வாங்கியது, அது வெறும் பக்கம் என்று தெரிந்தே போட்டது, நீ கேட்டபோது சட்டம் தெரிந்தும் நடைமுறை என்று பொய் சொன்னது, உன் கன்னம் வீங்கியிருந்ததைப் பார்த்தும் கேட்காமல் விட்டது, எல்லாவற்றுக்கும் காரணம் பொறாமை, அது இன்னும் போகவில்லை என்பது. முதல் தாளின் இரண்டு பக்கமும் நிறைந்து, அடியில் கொஞ்சம் இடம்தான் மிச்சம் இருந்தது. ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பார்த்தேன். வாசலில், “யக்கா, இருக்கியளா?” என்று அவள் குரல் கேட்டது. பேனாவை மறுபடி திறந்து, எழுதியதற்கெல்லாம் கீழே, என் கையெழுத்தைப் போட்டேன். பின்னால் எம்.ஏ. போடவில்லை. அந்த இடத்தில் பதினெட்டாவதாக ஒரு குச்சியை வைத்து மூடி, புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன்.